டிரிப் ஷீட்டில் ஏறிய மாடுகள்: ஒரு வடசென்னைப் பயணம்

வெள்ளி: வேப்பேரி, ஓட்டேரி

லாரித் தொழிலிலிருந்து மாடு வளர்ப்புக்கு வந்த ஒருவரைப் பார்க்கத்தான் இந்த முறை சென்னை வந்திருக்கிறேன். எனக்குக் காங்கேயம் பக்கம். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு எண்ணெய் லோடு ஏற்றிப் போகும் டிரைவர் ஒருவர்தான் முதலில் சொன்னார். “மீஞ்சூர் தாண்டி ஒரு பெரியவர் இருக்காருங்க. பழைய லாரி முதலாளி. ஓங்கோல் மாடு வெச்சிருக்காரு. ஆந்திராக்காரங்களே அவருகிட்ட வந்து காளை கேக்கறாங்க.”

அந்தக் கடைசி வரிதான் என்னை இழுத்தது. தொழிலில் காசு வந்தபின் நல்ல மாடு வாங்கிக் கட்டுகிறவர்கள் எங்கள் பக்கமும் உண்டு. மாட்டுப்பொங்கலுக்குப் படம் எடுத்துப் போடுவார்கள், நாலைந்து வருடத்தில் சலித்துப்போய் விற்றுவிடுவார்கள். பரம்பரையாக மாடு வளர்ப்பவர்களே தேடி வந்து கேட்கும் இடத்துக்கு ஒரு வியாபாரி வருவது அபூர்வம். அதுவும் ஓங்கோல் மாட்டுக்கு, அதன் சொந்தச் சீமையிலிருந்தே வருகிறார்கள் என்றால் என்ன செய்திருக்கிறார் மனிதர்?

நாளைக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார். இன்று பகலில் வேப்பேரி போய்விட்டு வந்தேன். அங்கே இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. வாசலில் நாயும் பூனையுமாகத்தான் கூட்டம். உள்ளே பெரிய மாடுகளுக்கான பகுதியில் மினி லாரியில் ஒரு பசுவை ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்கள், புளியந்தோப்பில் இருந்து. கன்று போட்டு நஞ்சுக்கொடி விழவில்லையாம். அந்தப் பசுவின் சொந்தக்கார அம்மா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். வீட்டில் கட்ட இடமில்லை, தெருவில்தான் மாடு நிற்கிறது, அதில் வரும் பாலில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றார். புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை எல்லாம் நடந்து பார்த்தால் இப்படி எத்தனையோ வீடுகள்.

மாலையில் கொன்னூர் நெடுஞ்சாலையில் உள்ள பிஞ்சரபோல். 1906இல் ஏற்பட்டது. கறவை நின்ற மாடு, கிழட்டு மாடு, அடிபட்ட மாடு எல்லாவற்றுக்கும் சாகும்வரை தீனி போடும் இடம். வணிகர்களின் தர்மத்தில் நூறு வருடம் கடந்து நிற்கிறது. மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் இனவிருத்தி வேறு வேலை. எல்லா மாட்டையும் வைத்துக்கொள்வது தர்மம். எந்த மாட்டிலிருந்து கன்று எடுப்பது, எதிலிருந்து எடுக்கக் கூடாது என்று முடிவு செய்கிறவன்தான் இனம் வளர்ப்பவன். அந்த முடிவை லாரி ஓட்டிய ஒருவர் எப்படிக் கற்றுக்கொண்டார் என்று நாளை கேட்க வேண்டும்.

சனி: தண்டையார்பேட்டை, எண்ணூர் சாலை, மாதவரம்

பெரியவர் பெயரைப் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். எழுபதைத் தாண்டிய வயது. வெள்ளை வேட்டி, அரைக்கை சட்டை, சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, காதில் செருகிய பேனா.

“பண்ணைய நாளைக்குப் பாக்கலாம் தம்பி. மொதல்ல நான் எங்கேர்ந்து வந்தேன்னு பாத்துக்கோ. இல்லாங்காட்டி மாடு புரியாது” என்று காரில் ஏற்றிக்கொண்டார்.

தண்டையார்பேட்டையில் ஒரு சந்து. அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம். அப்பா மாட்டுவண்டிக்காரர். துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை மண்ணடிக்கும் தங்கசாலைக்கும் ஏற்றிப் போவார். வண்டியில் பூட்டியிருந்தது ஒரு ஜோடி நெல்லூர்க் காளைகள். ஓங்கோல் மாட்டுக்கு அந்தக் காலத்து வடசென்னையில் அதுதான் பெயர். லாரி பெருகியதும் வண்டி நின்றது. ஜோடியை விற்ற அன்று அப்பா ராத்திரி சாப்பிடவில்லை என்பது மட்டும் நைனாவுக்கு நினைவிருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை.

அவர் லாரிக்குப் போய்விட்டார். கிளீனர், அப்புறம் டிரைவர். கடன் வாங்கி ஒரு பழைய லேலண்ட் கோமெட். எண்ணூர் சாலையில் போகும்போது அந்த லாரி பிறந்த தொழிற்சாலையைக் காட்டினார். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று கார் பூட்டுவதற்காகத் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. “என் சோறு இங்கதான் வெந்துது” என்றார். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை தூக்கும் காலம் போய் டிரெய்லர் காலம் வரப்போகிறது என்று அதற்கு முன்பே கணித்து இரண்டு டிரெய்லர் எடுத்தவர்களில் இவரும் ஒருவர். அதன்பிறகு ஏறுமுகம்தான். மஞ்சம்பாக்கத்தில் ஷெட், மணலியில் ஒரு யார்டு, ஐம்பது பேருக்குச் சம்பளம்.

இந்த எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் ராத்திரி பகலாக வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தொழில் எவ்வளவு பொறுமை கேட்கும் என்று. வண்டி நின்றால் நஷ்டம், டிரைவருக்கு பேட்டா நிற்காது, வங்கித் தவணையும் நிற்காது. நைனா தப்பித்ததற்குக் காரணம் ஒன்றுதான் என்கிறார்: வண்டிக்கு ஒரு நோட்டு. எந்த வண்டி எத்தனை டிரிப் அடித்தது, எவ்வளவு டீசல் குடித்தது, எந்த டயர் எத்தனை கிலோமீட்டரில் போனது, வண்டியின் தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்கு, என்ன செலவு, ஷெட்டில் எத்தனை நாள் நின்றது. எல்லாம் டிரிப் ஷீட்டில் ஏறும். “பாக்க பளபளன்னு இருக்கும் வண்டி. நோட்ட தொறந்தா நம்ம துட்ட தின்னுனு இருக்கும். நோட்டு பொய் சொல்லாது.”

மாதவரம் பால் பண்ணைக்கு வந்தபோது மதியம் ஆகிவிட்டது. அந்தப் பெயர் பேருந்துப் பலகையில் இருப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் பின்னால் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்று தோன்றாமல் போகலாம். சென்னைக்குப் பால் கொடுக்கவே உருவான இடம். 1960களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியோடு இங்கே பால் பதப்படுத்தும் ஆலை வந்தது, இன்று ஆவின் நடத்துகிறது. 1989இல் கால்நடைகளுக்காகவே தனியாக ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். இந்தியாவில் அந்த வகையில் அதுதான் முதல். அதன் தலைமையிடமும் இங்கேதான். தூசியும் ஹாரன் சத்தமும் தாண்டி உள்ளே போனால் மரமும் நிழலும் புல்லுமாக இருக்கிறது.

நைனாவுக்கு இந்த வளாகம் பள்ளிக்கூடம். மாடு வாங்கிய புதிதில், ஷெட்டிலிருந்து நேராக எண்ணெய்க் கறைச் சட்டையோடு வந்து விவசாயிகளுக்கான பயிற்சி வகுப்பில் உட்காருவாராம். பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் பெண்கள். “அவங்க கேக்கிற கேள்வியிலதான் நான் கத்துக்கினேன்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஞாயிறு: அனுப்பம்பட்டு

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போனேன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் என்று ஊர் ஊராகக் கழன்றுகொண்டே போகும். அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், சாம்பல் படிந்த ஓரங்கள். மீஞ்சூர் தாண்டியதும் திடீரென்று நெல் வயல். அனுப்பம்பட்டில் இறங்கினால் நைனாவின் மருமகள் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார்.

பண்ணை என்று பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஆறேழு ஏக்கர் இருக்கும். ஓடு வேய்ந்த நீளத் தொழுவம், பக்கத்தில் திறந்தவெளி, வேப்பமரங்கள், ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தீவனப்புல். இந்த மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரைச் சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல வருடம் உறிஞ்சியதில் கடல்நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே ஏறிவிட்டது. பல கிணறுகள் உப்பு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் கடைசியில் இதே மீஞ்சூர்க் கரையில்தான் கட்ட வேண்டியிருந்தது. நைனா நிலம் வாங்கும்போது ஒவ்வொரு இடத்திலும் போர்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்துத்தான் வாங்கினாராம். மாடு எவ்வளவு தாங்கும் என்பது அப்புறம், முதலில் நாம் குடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார்.

மாடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் காங்கேயம் மாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஓங்கோல் மாடு வேறு ஒரு பிரமிப்பு. வெள்ளை வெளேரென்ற உடம்பு. காளைக்குத் தலையிலும் கழுத்திலும் திமிலிலும் சாம்பல் நிறம் ஏறியிருக்கிறது. குட்டைக் கொம்பு. தாடையில் தொடங்கும் அலைதாடி மடிப்பு மடிப்பாக இறங்கி வயிற்றுப் பக்கம்வரை போகிறது. நெற்றி அகலம், கண்ணைச் சுற்றி மை தீட்டின கறுப்பு. ஆந்திராவில் குண்டலகம்மா ஆற்றுக்கும் மூசி ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் பூமிதான் இதன் தாய்மண். ஒரு பசு நம் பக்கம் திரும்பிப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. எனக்கு வரவில்லை.

நைனா முதலில் வாங்கியதும் இப்படிப் பார்த்து மயங்கித்தான். லாரித் தொழில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரம். நெல்லூர்ப் பக்கம் லோடு விட்டுத் திரும்பும் டிரைவர் ஒருவர், ஆளுயரக் காளை ஒன்று விலைக்கு இருப்பதாகச் சொன்னார். கல் இழுக்கும் போட்டியில் ஓடிய காளை. தரகர் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேச, இவர் ஒரு டிரெய்லர் டயர் செட் விலையைவிட அதிகமாகக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஊரே வந்து பார்த்தது. பசுக்களையும் வாங்கி அந்தக் காளைக்கு விட்டார். நாலைந்து வருடம் கழித்து, அதற்குப் பிறந்த கிடேரிகள் கன்று போட்டபோதுதான் தெரிந்தது. மடி சின்னது, பால் கன்றுக்கே போதவில்லை. சில கன்றுகளுக்குப் பின்னங்கால் நேராக விழவில்லை.

மாதவரத்தில் பாடம் எடுத்த ஒரு கால்நடை மருத்துவரிடம் போய் நின்றிருக்கிறார். அவர் கேட்டது ஒரே கேள்வி: “அந்தக் காளையோட தாய் எவ்வளவு கறந்தது?” இவருக்குத் தெரியவில்லை. விற்றவருக்கும் தெரியவில்லை. காளைக்கு மடி கிடையாது, அது மகளுக்குக் கொடுக்கப்போகும் மடி அதன் தாயிடமும் சகோதரிகளிடமும்தான் தெரியும் என்று மருத்துவர் விளக்கினார்.

“வண்டி வாங்கசொல்ல ஆர்.சி. புக்கு பாக்காம வாங்குவனா? காளைய மட்டும் அப்பிடி வாங்கிட்டேன்” என்று நைனா சொன்னார். அன்று ராத்திரியே ஷெட்டில் மிச்சமிருந்த டிரிப் ஷீட் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பண்ணைக்கு வந்திருக்கிறார். அச்சடித்த அதே தாள். ‘வண்டி எண்’ என்று இருந்த கட்டத்தில் மாட்டின் காதுத்தோடு எண். ‘டிரைவர்’ இருந்த இடத்தில் தாய், தகப்பன். ‘புறப்பட்ட தேதி’யில் காளைக்கு விட்ட நாள், ‘சேர்ந்த தேதி’யில் கன்று போட்ட நாள். டீசல் கட்டத்தில் பால்.

அந்த நோட்டுகளை மருமகள் அடுக்கி வைத்திருக்கிறார். கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பிரித்தேன். மாதம் இரண்டு நாள், காலையும் மாலையும், தராசில் தொங்கவிட்டு எடை போட்ட பால். பருவத்துக்கு வந்த தேதி, அதிலிருந்து இருபத்தொரு நாள் கழித்து மறுபடி கத்தியதா இல்லையா. சினை நின்றால் ஒன்பதரை மாதக் கணக்கு. கன்றின் மார்புச் சுற்றளவு, உடம்பின் நீளம். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையை நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால், அங்குலத்தில் அளந்திருந்தால், எடை பவுண்டில் கிடைக்கும். எடைமேடை இல்லாத ஊரில் இது போதும். இரண்டு ஈத்துக்கு நடுவில் எத்தனை நாள் என்று ஒரு கட்டம் சிவப்பு மையில். ‘ஷெட்டில் நின்ற நாட்கள்’ என்று அச்சடித்த இடம் அது.

சுழிக்குக் கட்டம் எங்கே என்று கேட்டேன். எங்கள் பக்கம் மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களை வைத்து ராசி பார்ப்பார்கள், அந்தச் சுழி பார்க்காமல் யாரும் மாட்டில் கை வைக்க மாட்டார்கள். “வாங்க வர்றவங்க பாத்துக்குவாங்க. நாம எழுதறது பாலும் காலும்” என்றார். எனக்குச் சுழியில் நம்பிக்கை உண்டு, இருந்தாலும் அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. நாற்பது கிடேரிகளின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர் அவர்.

சாயங்காலம் பால் கறப்பதைப் பார்த்தேன். இந்த மாடுகள் கன்று இல்லாமல் பாலை இறக்காது. கன்றை முதலில் ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் பிரித்து முன்னால் கட்டுகிறார்கள், தாய் அதை நக்கிக்கொண்டே நிற்கிறது. இரண்டு காம்பு நமக்கு, இரண்டு காம்பு கன்றுக்கு. கலப்பினப் பசுவோடு லிட்டர் கணக்கில் போட்டி போட முடியாது. போட வேண்டும் என்று நைனா நினைக்கவும் இல்லை. நல்ல காலும், சீராக வருடாவருடம் சினை பிடிக்கும் வயிறும், கன்றுக்குப் போக வீட்டுக்கும் மிஞ்சுகிற பாலும் உள்ள ஓங்கோல் பசு வேண்டும், அவ்வளவுதான். உயரத்தைத் தேடிப் போனால் உயரம் வரும், பால் போய்விடும். கல் இழுப்பதற்கென்று தேடினால் கனம் வரும், சினை பிடிப்பது தள்ளிப்போகும். எதைத் தேடுகிறோமோ அதற்கு விலையாக வேறொன்றைக் கொடுக்கிறோம் என்பது அவருக்கு டிரெய்லர் வாங்கிய காலத்திலேயே தெரியும்.

கன்றுகளில் நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்த ஒரு காளைக்கன்றை மிகவும் ரசித்தேன். அதைக் காயடித்து உழவுக்குக் கொடுத்துவிடப் போகிறார்களாம். தாய்க்கு மடிவீக்கம் திரும்பத் திரும்ப வருகிறது, நோட்டில் இருக்கிறது. மருமகள் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். அந்தக் கன்றுக்கு மாலையில் வெல்லம் கொடுத்ததும் அவர்தான். பிரியத்துக்குக் குறைவில்லை. பிரியத்தைக் கணக்கில் கலக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது புரிந்தது.

திங்கள்: பொன்னேரி

காலையில் பொன்னேரிச் சாலை டீக்கடையில் நைனாவோடு உட்கார்ந்திருந்தபோது அவர் எனக்கு ஒரு பஸ் முதலாளியின் கதையைச் சொன்னார். மாதவரத்தில் பயிற்சிக்குப் போனபோது கேட்டதாம். தனக்கு முன்னால் ஒருவர் இதே பாதையில் போயிருக்கிறார் என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிரேசில் நாட்டின் பரானா மாநிலத்தில் லோண்ட்ரினா என்று ஓர் ஊர். அங்கே 1930களில் பஸ் கம்பெனி தொடங்கியவர் செல்சோ கார்சியா சித். காடு திருத்திய செம்மண் பாதையில் பஸ் விட்டுப் பெரிய ஆளானவர். பிறகு மாட்டில் இறங்கினார். அந்த வெயிலுக்கும் உண்ணிக்கும் ஐரோப்பிய மாடு தாங்காது, இந்திய மாடுதான் வேண்டும் என்று உறுதியாக இருந்து, 1960இல் இந்தியாவிலிருந்து மாடுகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார். அதில் ஒன்று குஜராத்தின் பவநகர் மகாராஜாவின் தொழுவத்தில் பிறந்த காளை, அந்தப் பக்கத்துக் கிர் இனம், பெயர் கிருஷ்ணா. போய்ச் சேர்ந்த சிறிது காலத்திலேயே அது இறந்துவிட்டது. ஆனால் அதற்குள் பிறந்த கன்றுகள் வழியாக அந்த நாட்டுக் கிர் மாடுகளில் பெரும்பங்குக்கு அதன் ரத்தம் போய்விட்டது. உடலைப் பாடம் செய்து இன்னும் அந்தப் பண்ணையில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கிர் மாட்டையும் ஐரோப்பியக் கறவை இனமான ஹோல்ஸ்டீனையும் சேர்த்து அவர்கள் உருவாக்கிய கிரோலாண்டோ இன்று பிரேசிலின் முக்கியமான கறவை இனம்.

இதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. அந்தப் பவநகர் மகாராஜா, கிருஷ்ணகுமார் சிங்ஜி, 1948 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். தற்காலிகப் பொறுப்பாக இல்லாமல் முழுமையாக இந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். நைனாவுக்கு இது தெரியாது. நான் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நம்மூர் கவர்னரா!” என்று கடைக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார்.

ஓங்கோல் மாடு கிர் காளைக்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டிலேயே பிரேசிலுக்குப் போய்விட்டது. அங்கே அதை நெலோர் என்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் கடைசியாக ஒரு தொகுதி போனது. நோய் ஏதும் ஒட்டிவிடக் கூடாதென்று பெர்னாண்டோ டி நோரோன்யா என்ற நடுக்கடல் தீவில் பல மாதம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாட்டுக்குள் விட்டார்கள். அந்தக் காளைகளில் ஒன்றின் பெயர் கர்வாடி. ஓங்கோலுக்குப் பக்கத்தில் கரவடி என்று ஒரு கிராமம் இருக்கிறது, அங்கே இருந்து போனது. இன்று பிரேசிலின் இறைச்சி மாடுகளில் மிகப் பெரும்பகுதி நெலோர் ரத்தம்தான். கோடிக்கணக்கில்.

அங்கே பெருகியதற்கும் இங்கே குறைந்ததற்கும் காரணங்கள் பல. நமக்கு இந்த மாடு உழவுக்கும் வண்டிக்கும். டிராக்டரும் லாரியும் வந்ததும் வேலை போய்விட்டது. பாலுக்காக ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பு வந்தது, நாட்டுக்குப் பாலும் கிடைத்தது. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு காரணத்தைப் பேச வேண்டும். பிரேசிலில் 1938 முதலே திமில் உள்ள இந்திய இனங்களுக்கு வம்சாவளிப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். உபேராபா என்ற ஊரில் அதற்கென்றே வளர்ப்போர் சங்கம், வருடாவருடம் கண்காட்சி. எந்தக் காளைக்குப் பிறந்த கன்று எத்தனை கிலோ ஏறியது என்று எழுதி எழுதித் தேர்ந்தெடுத்தார்கள். நம்மிடம் அந்தக் கணக்கு கிழவர்கள் தலைக்குள் இருந்தது. எங்கள் பக்கம் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் காங்கேயம் மாட்டைத் தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததால்தான் அந்த இனம் இன்றும் முகம் மாறாமல் இருக்கிறது. அப்படி ஒரு குடும்பம் வாய்க்காத இனங்களுக்குக் கிழவர் போனதும் கணக்கும் போயிற்று. நைனா செய்திருப்பது அந்தக் கணக்கைத் தலையிலிருந்து தாளுக்கு இறக்கியதுதான். அவருக்குக் கிடைக்கும் மரியாதை முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது என்று நான் நம்புகிறேன்.

மதியம் பொன்னேரி கடைத்தெருவில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். விலையைக் கேட்டால் எங்கள் ஊரைவிடக் கொஞ்சம் அதிகம்.

செவ்வாய்: அனுப்பம்பட்டு

சுற்றி இருக்கும் ஊர்களிலிருந்து பசுவை ஓட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு நைனா காளை விடக் காசு வாங்குவதில்லை. இரண்டு நிபந்தனை. பசுவுக்குக் கன்றுவீச்சு நோய் (புருசெல்லோசிஸ்) இல்லை என்று பரிசோதித்த சீட்டு வேண்டும், காளைக்கும் அதே பரிசோதனையைத் தவறாமல் செய்கிறார். அப்புறம் கன்று பிறந்ததும் வந்து சொல்ல வேண்டும்: என்ன கன்று, என்ன எடை, எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆனது, கால் எப்படி. கிடேரியாக இருந்தால் அது தலையீத்துக் கன்று போட்டு எவ்வளவு கறக்கிறது என்று நாலு வருடம் கழித்தும் சொல்ல வேண்டும். கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம், தடா, சூலூர்ப்பேட்டை என்று நோட்டில் ஊர்ப் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. அவர் தொழுவத்தில் நிற்பது முப்பது மாடு என்றால் அவர் கணக்கில் நிற்பது இருநூறுக்கு மேல். சொந்தமாக நூறு மாடு வாங்கிக் கட்டியிருந்தால்கூட இவ்வளவு விவரம் கிடைத்திருக்காது.

இன்று காலை நெல்லூர்ப் பக்கமிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள், அப்பா, மகன், தாய்மாமன். பேச்சு பாதி தெலுங்கு, பாதி தமிழ். நைனாவின் மூத்த பொலிகாளையைக் கேட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு ஆச்சரியம், அவர் உடனே சரி என்றார். தொழுவத்திலேயே சிறந்த காளை அது. பிறகு விளக்கினார். மூன்று வருடம் ஆகிவிட்டது, அதற்குப் பிறந்த கிடேரிகள் பருவத்துக்கு வருகின்றன. தகப்பனை மகளுக்கு விட்டால் ரத்தம் நெருங்கி இனம் கெடும். எவ்வளவு நல்ல காளையாக இருந்தாலும் போகத்தான் வேண்டும். போகிற இடத்தில் அது இன்னும் மூன்று வருடம் வேலை செய்யும்.

துண்டுக்குள் விரல் பிடிக்கவில்லை. விலையை வாயால் சொன்னார், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். வந்தவர்களில் அப்பா காளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், பின்னால் போய்க் குளம்பைப் பார்த்தார், சுழியையும் பார்த்தார். மகன் அதற்குள் மருமகளிடம் நோட்டைக் கேட்டு வாங்கி, காளையின் தாய், தாயின் தாய், இரண்டு சகோதரிகள் ஆகியவற்றின் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். சென்னையில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறானாம். “என் தாத்தா பெரிய ரைத்து, விவசாயி. அவரிடம் இருந்த மாடு இப்ப எங்களிடம் இல்லை. இந்தப் பக்கங்களுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம், காளைக்கு அப்புறம்” என்று என்னிடம் சொன்னான்.

காளையை ஏற்றும்போது அதற்குப் பழகிய ஆள் முன்னால் நடந்தார். வண்டியின் தரையில் மணல் பரப்பி வைக்கோல் போட்டிருந்தார்கள், வழுக்காமல் இருக்க. வெயிலுக்கு முன் போய்விட வேண்டும், சூலூர்ப்பேட்டையில் நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும், பிரேக் அடித்து ஓட்டக் கூடாது என்று டிரைவரிடம் நைனா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்தால் அவர் மறுபடி லாரி முதலாளிதான். டயரில் காற்று இருக்கிறதா என்று குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

காங்கேயத்துக்குக் கொண்டுபோக அந்தத் தாளின் வெற்றுப் படிவம் பத்து வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் அச்சடிக்கும்போது ‘டிரைவர்’ என்பதை எடுத்துவிட்டுத் ‘தாய், தகப்பன்’ என்று போட்டுக்கொள்ளலாம். மற்ற கட்டங்கள் அப்படியே இருக்கட்டும், அவையெல்லாம் பல வருடம் சோதித்துத் தேறியவை.

புதுப் பொலிகாளை கந்துகூர்ப் பக்கம் பார்த்து வைத்திருக்கிறார்கள். நான் கிளம்பும் நேரத்தில் மருமகள் போனில் அந்தக் காளைக்காரரோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். தாய் முதல் ஈத்தில் எவ்வளவு கறந்தது என்ற விவரம் அவர் அனுப்பிய தாளில் இல்லை. அதை எழுதி அனுப்பினால்தான் முன்பணம் வரும் என்று சொல்லிவிட்டு, அடுத்த பசுவைக் கறக்கப் போனார்.